இராப்போஜனத்தில் எழுந்து போனவன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. வாரா வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதுவதைப் படிக்கிற உங்களுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு சரி. இப்போது ஞாபகமும் பிசகுகிறது – குழம்பில் உப்புப் போட்டேனா இல்லையா என்று நானே இரண்டு தடவை ருசி பார்க்கிறேன். முன்னால் நடந்ததைப் பின்னால் எழுதிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் சபைக்கென்று தனி ஐயர், அதாவது பாதிரியார், கிடையாது. மாதத்துக்கு ஒரு தடவை ஓர் ஐயர் எங்கள் தங்கச் சுரங்க ஊருக்குக் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலை விட்டிறங்கி, புழுதியில் நடந்து வந்து, இராப்போஜனம் கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் எல்லாம் மூப்பர் ஆபிரகாம்தான். ஜெபவீட்டைப் பெருக்க வைப்பதிலிருந்து, யார் எங்கே உட்கார வேண்டும் என்பது வரைக்கும் அவர் சொன்னதுதான் சட்டம்.

போன மாதம் ஐயர் வந்த ஞாயிறு எங்களுக்கு விசேஷ நாள். ஞானமுத்துவைத் திரும்பச் சபையில் சேர்த்துக்கொள்கிற நாள்.

ஞானமுத்து சுரங்கத்துக்குள் பாறை துளைக்கிறவன். நல்ல உழைப்பாளி. நல்ல குடிகாரனாகவும் இருந்தான். ஒரு நாள் ஜெபக்கூட்ட வேளையில் சாராயக்கடை வாசலில் விழுந்து கிடந்தவனை மூப்பரே பார்த்துவிட்டார். ஆறு மாதம் சபைவிலக்கு. எங்கள் வழக்கப்படி விலக்கப்பட்டவர் வாசல் பக்கத்துப் பாயில் உட்கார வேண்டும். பாட்டுப் பாடலாம், ஜெபிக்கலாம். இராப்போஜனத்து அப்பமும் திராட்சரசமும் கிடையாது.

அவன் வராமல் போய்விடுவான் என்றுதான் நினைத்தோம். வந்தான். ஒரு ஞாயிறு தவறாமல் வந்து அந்தப் பாயில் உட்கார்ந்தான். குடியையும் விட்டுவிட்டான். சாராயக்கடையைப் பார்க்கவே கூடாது என்று வேலைக்குச் சுற்று வழியில் போனான். அவன் மனைவி ராகேலின் முகத்தில் மறுபடி சிரிப்பு வந்தது. இதற்கு மேல் சபைக்கு என்ன வேண்டும்?

அன்று கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் முன்னால் போய் நின்றான்.

"குடியை விட்டுவிட்டாயா?" என்று ஐயர் கேட்டார்.

"உட்டுட்டேங்க ஐயா."

"செய்த பாவத்தையெல்லாம் அறிக்கை செய்துவிட்டாயா?"

பதில் இல்லை. ஐயர் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நாலு பேர் முன்னால் வாய் வராமல் நிற்கிற கஷ்டம் எனக்குத் தெரியாதா?

முழங்கால் போட்டான். அப்பத் தட்டு அவனிடம் வந்தது. கையை நீட்டினான்... மடக்கிக்கொண்டான். எழுந்தான்.

"எனக்கு வேணாங்க ஐயா."

அவ்வளவுதான். விறுவிறுவென்று எங்கள் எல்லோரையும் தாண்டி வெளியே போய்விட்டான்.

அப்புறம் என் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் குரல்: "ஆச்சு. நேரா சாராயக்கடைக்குத்தான். ஒரு துண்டு அப்பம் திங்கற வரைக்கும் பொறுக்க முடியல பாரேன்."

ராகேல் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "பெரீம்மா, வாங்க" என்றாள். தெருவில் இரண்டு ஆண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தால் வேறு தெரு வழியாகப் போகிறவள் நான். ஆனால் அந்தப் பிடியை உதற முடியவில்லை. ஆராதனை நடுவில் எழுந்து போனது என் வாழ்நாளில் அன்றுதான்.

ஞானமுத்து சாராயக்கடைப் பக்கம் போகவில்லை. கழிவுக்கல் மேட்டை ஒட்டிக் கடைசி வரிசையில் இருக்கிற ஒரு தட்டி வீட்டுக்குப் போனான். அது முனுசாமியின் வீடு.

முனுசாமி யார் என்று சொல்ல வேண்டும். சுரங்கத்தில் பாறை துளைக்க ஜோடி வேண்டும். ஒருவர் உளிக்கம்பியைப் பிடிப்பார், இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். முனுசாமி பிடிப்பவர், ஞானமுத்து அடிப்பவன். ஒரு அடி தப்பினால் பிடிப்பவர் கை போய்விடும். பல வருஷம் ஒரு அடியும் தப்பவில்லை. முனுசாமி நம் சபை அல்ல. மாரியம்மனைக் கும்பிடுகிறவர். இருவரும் குடியாத்தம் பக்கத்துக்காரர்கள்.

மேலே இப்போது மின்சார விளக்கெல்லாம் வந்துவிட்டது. கீழே இன்னும் மெழுகுவர்த்திதான். ஷிப்ட் இறங்கும்போது ஆளுக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். ஒன்றை ஈரக் களிமண்ணில் பதித்துப் பாறையில் ஒட்டி வைத்து வேலை செய்வார்கள், மிச்சத்தைத் தகர டப்பாவில் வைத்துக்கொள்வார்கள். இதைத் திருட்டுத்தனமாகப் பஜாரில் விற்கிறவர்களும் உண்டு. சாராயத்துக்கு ஆகும்.

போன வருஷம் ஒரு நாள் ஷிப்ட் முடிகிற சமயம் முனுசாமியின் மெழுகுவர்த்தி அணைந்து போனது. டப்பாவைத் திறந்தார். காலி. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே வந்தவர், கீழ் லெவலுக்கு, அதாவது அடுத்த அடுக்குக்கு, வெட்டியிருந்த குழியில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் முழங்காலோடு காலை எடுத்துவிட்டார்கள்.

மெழுகுவர்த்தியை விற்றுவிட்டார், அதனால்தான் விழுந்தார் – கேம்ப் முழுக்க அப்படித்தான் பேச்சு. சுரங்கத்தை மேற்பார்க்கிற வெள்ளைக்காரர் காப்டன் துரையும் அதையே நம்பினார். கால் போனவர்களுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கொடுப்பது உண்டு. திருடனுக்கு எதற்கு என்று துரை கொடுக்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முனுசாமி வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து, ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் நீக்கிப் பிதுக்கிக்கொண்டிருந்தார். பிதுக்கின பருப்பைப் பஜாரில் விற்பது அவர் மனைவி கண்ணம்மா. குடும்பம் ஓடியது அதில்தான்.

"இன்னாடா ஞானமுத்து, மாப்ள மாதிரி சட்ட போட்டுகினு? கோயில்ல இன்னிக்கி உனக்கு விருந்தாமே. அதுக்குள்ள தின்னுட்டு வந்துட்டியா?"

"தின்னலண்ணா."

"ஏன், உப்பு இல்லியா?"

ஞானமுத்து வெள்ளைச் சட்டையோடு மண்ணில் உட்கார்ந்தான். "அண்ணா... அன்னிக்கி உன் டப்பால இருந்த மெழுகுவத்திய நான்தான் எடுத்து வித்தேன்."

ராகேலின் பிடி இறுகியது. அவளுக்கும் இது புதுச் செய்தி.

முனுசாமி பிதுக்குவதை நிறுத்தவில்லை. "இத்த சொல்லத்தான் வந்தியா? நான் எடுக்கல. அப்ப வேற எவன் எடுப்பான்? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"தெரியுமா?"

"ஆஸ்பத்திரில காப்டன் வந்து கேட்டாரு. எலி தின்னுடுச்சி தொரேன்னு சொன்னேன். உன்ன காட்டிக் குடுக்கல." அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "நீ இன்னா சொன்னே அவருகிட்ட?"

கீழே எலிகள் மெழுகுவர்த்தியைத் தின்பது உண்டு. கொழுப்பில் செய்ததுதானே. அதனால் அது நம்பக்கூடிய பொய்தான். ஆனால் துரை அதற்கு முன்பே ஞானமுத்துவைக் கேட்டிருந்தார்.

"நீ வித்துட்டதா சொன்னேண்ணா."

உள்ளேயிருந்து கண்ணம்மா கரண்டியும் கையுமாக வந்தாள். "அடப்பாவி! திருடன் பொண்டாட்டி வராடின்னு என்னப் பாத்து சிரிக்கறாளுங்க பஜார்ல. தெனம் இந்த வழியாத்தான போற வர? ஒரு நாளாவது வாயத் தொறந்தியா நீ?"

"மன்னிச்சிடுண்ணா. மன்னிச்சிடு அண்ணி."

"என்ன ஏன்டா கேக்கற?" என்றார் முனுசாமி. "உங்க சாமிதான் மன்னிச்சிட்டாரே, ஊரே பேசிக்குது. போனது என் காலு. போனது என் பேரு. மன்னிக்கறது மட்டும் அவரா? எனக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்பலியே!"

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

ஞானமுத்து விசும்ப ஆரம்பித்தான். முனுசாமி ஒரு பருப்பை அவன் மேல் எறிந்தார். "அழுவாத. நீ அழுது எனக்கு இன்னா ஆவப்போவுது? நாளைக்கி ஷிப்ட் எறங்கற நேரத்துல, எல்லாரும் நிக்கறப்போ, காப்டன்கிட்ட சொல்லு. ஆபீஸ் ரூம்ல போயி குசுகுசுன்னு சொல்ற வேலலாம் வேணாம்."

வேலை போகும். ஜெயிலுக்கே அனுப்பினாலும் அனுப்புவார்கள். ஞானமுத்து ராகேலைப் பார்த்தான். சோறு போகப்போவது அவளுக்கும்தானே?

"சொல்லுவாருண்ணா" என்றாள் ராகேல். "அவரு சொல்லலேன்னா நான் வந்து சொல்றேன்."

அன்று முழுக்க நான் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். இத்தனை மாதம் வாசல் பாயில் உட்கார்ந்திருந்தானே, எதற்காக? குடித்ததற்காக. அது ஊருக்குத் தெரிந்த பாவம். அதை அறிக்கை செய்தான், சபையும் மன்னித்தது. பெரியது அடியிலேயே கிடந்தது. நாமும் அப்படித்தானே செய்கிறோம்? கர்த்தருக்கு முன்னால் சின்னப் பாவத்தை எடுத்து நீட்டுகிறோம் – பெரியதை மடியில் முடிந்துகொண்டு. அவரிடம் கேட்பது சுலபம் என்று வேறு நினைத்துக்கொள்கிறோம். அவர் திருப்பித் திட்டமாட்டார், கரண்டியோடு வெளியே வரமாட்டார். அடுத்த வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள் – அப்போது தெரியும்.

மறுநாள் காலையில் நானும் போனேன். ராகேல் கூப்பிடவில்லை. நானாகவே போனேன்.

முனுசாமியும் கிளம்பியிருந்தார். "அவன் சொல்றத என் காதால கேக்கணும்" என்று கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு புறப்பட்டார். சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாப்ட் வரைக்கும் ஏற்றம். ஞானமுத்து முதுகைக் காட்டிக் குனிந்தான்.

"தூக்கினு போறேன், ஏறிக்கோண்ணா."

"ஏன், இன்னொரு குழி பாத்து வெச்சிருக்கியா?"

ஏறவில்லை. நின்று நின்று நடந்தார். ஞானமுத்து முந்தாமல் பின்னாலேயே நடந்தான்.

கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கக் காத்திருந்த ஆட்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். காப்டன் துரை அங்கேதான் நின்றார். அவருக்குத் தமிழ் தெரியும் – திட்டுகிற அளவுக்கு. அதனால் கிளார்க்கு பக்கத்தில் நின்று மாற்றிச் சொன்னார்.

ஞானமுத்து சொன்னான். குரல் முதலில் எழும்பவில்லை. "சத்தமா!" என்று பின்னாலிருந்து முனுசாமி அதட்டினார். மறுபடி முதலிலிருந்து சத்தமாகச் சொன்னான். எடுத்தது, விற்றது, குடித்தது, பழியைப் போட்டது. எல்லாம். "முனுசாமியண்ணன் திருடன் இல்ல. நான்தான் திருடன்."

துரை கிளார்க்கு மூலமாகக் கேட்டார்: யாருமே கேட்காதபோது இப்போது ஏன் வந்து சொல்கிறாய்?

"அப்பம் தொண்டையில எறங்காதுங்க தொரே."

கிளார்க்கு இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் விழித்தார். ஏதோ சொன்னார். துரைக்கு என்ன புரிந்ததோ.

ஜெயிலுக்கு அனுப்பவில்லை. சுரங்கத்துக்குள் இனி இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பெண்கள் மேலே உட்கார்ந்து கல் உடைத்துப் பிரிக்கிற இடத்தில் வேலை. கூலி குறைவு, கேலி அதிகம். "வாக்கா ஞானம், பக்கத்துல குந்து" என்று ஒருத்தி இடம் ஒதுக்கிக் கொடுத்தாளாம். போய் உட்கார்ந்தான். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான்.

சில நாள் கழித்து துரை முனுசாமிக்கு ஆள் அனுப்பினார். ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஷிப்ட் இறங்குகிறவர்களுக்கு மெழுகுவர்த்தி எடுத்துக் கொடுக்கிற வேலை. துரை யோசித்துத்தான் அந்த வேலையைக் கொடுத்தார் என்பது என் எண்ணம். "எலி வந்தா எனக்கு மொகம் தெரியும்" என்று ஜன்னலில் நிற்கிற பையன்களிடம் முனுசாமி சொல்வாராம்.

சரி, சபை என்ன செய்தது?

அடுத்த ஞாயிறு மூப்பர் ஞானமுத்துவை எழுப்பி நிறுத்தினார். "குடிக்கு ஆறு மாசம்னா பொய்ச்சாட்சிக்கு ஒரு வருஷமாவது வேண்டாமா?" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "திருட்டு மெழுகுவத்திய யார்கிட்ட வித்தே? அந்தப் பாவியும் யாருன்னு சபைக்குத் தெரியட்டும்."

"வேணாங்க மூப்பரே."

"சொல்லுப்பா!"

"ஆண்டர்சன்பேட்டையிலங்க... நம்ம ஜெபவீட்டுக்கு நீங்க வாங்கற கடைதாங்க."

எல்லோர் கண்ணும் இராப்போஜன மேஜை மேல் போனது. இரண்டு பக்கமும் இரண்டு மெழுகுவர்த்தி. வேறு எங்கேயும் கிடைக்காத சல்லிசு விலைக்கு வாங்குகிறேன் என்று மூப்பர் எத்தனை தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறார்! நாங்களும் மகிழ்ந்திருக்கிறோம். அது ஏன் சல்லிசு என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அந்த வெளிச்சத்தில்தான் ஞானமுத்துவை விலக்கி வைத்தோம்.

மூப்பர் உட்கார்ந்துவிட்டார். நல்ல மனிதர்தான். மறு வாரம் அவரே ஆமணக்கெண்ணெய் விளக்கு இரண்டு கொண்டுவந்து வைத்தார். ஒரே புகை. சங்கீதம் வாசிக்கும்போது பாதி சபை இருமியது. யாரும் வாய் திறந்து குறை சொல்லவில்லை.

ஒரு வருஷம் என்ற பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. ஞானமுத்துதான் பிடிவாதமாக இருந்தான்.

"முனுசாமியண்ணன் சொல்ற வரைக்கும் நான் வாசப் பாயிலயே இருக்கேங்க."

"அவர் நம்ம சபையே இல்லையேப்பா!" என்றார் மூப்பர்.

"காலு அவருதுங்க."

மூப்பர் வேதபுத்தகத்தைத் திறந்து சங்கீதத்தைத் தேட ஆரம்பித்தார்.

முனுசாமியோ ஒன்றும் சொல்லவில்லை. ராகேல் வேலைக்குப் போகும்போதெல்லாம் ஸ்டோர் ஜன்னலைப் பார்ப்பாள். அவர் தலையைக் குனிந்துகொள்வார். ஞானமுத்து ஒவ்வொரு சாயங்காலமும் அவர் வீட்டுக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றினான். "ஊத்திட்டியா? போ" என்பாராம். அவ்வளவுதான் பேச்சு. கண்ணம்மா அதுகூடப் பேசவில்லை. இன்னும் பேசவில்லை.

போன ஞாயிறு ஐயர் மறுபடி வந்தார். ஞானமுத்து வாசல் பாயில்தான் உட்கார்ந்திருந்தான். மேஜைக்கு முன்னால் எல்லோரும் வரிசையாக முழங்கால் போட்டோம். ஐயர் அப்பத் தட்டை எடுத்தார். வெளியே படியில் டொக்... டொக்... என்று சத்தம்.

முனுசாமி. வேட்டி துவைத்துக் கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு. உள்ளே வரவில்லை. நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டார்.

"ஐயரே! இவனுக்கு இன்னும் சோறு போடலியா நீங்க?"

ஐயர் தட்டும் கையுமாக நின்றார். மூப்பர்தான் பதறினார். "முனுசாமி, இது சோறு இல்லப்பா, இது வந்து..."

"இன்னாவோ ஒண்ணு. அத்தப் போடுங்க. எவ்ளோ நாளு வாசல்ல குந்த வெப்பீங்க ஒரு ஆள? நான் சொல்லணும்னு சொன்னானாமே. சொல்லிட்டேன்."

ஞானமுத்து பாயிலிருந்தபடியே அவர் காலைப் பிடித்தான். அந்த ஒரு காலை. "அண்ணா, அப்ப என்ன மன்னிச்சிட்டியா?"

"ச்சீ, உடுடா, உழுந்துடப் போறேன். குளுருல நோவு எடுக்கும் போதெல்லாம் உன்னத் திட்டத்தான் போறேன். நீ வந்து நின்னு கேட்டுக்கணும்."

"வரேண்ணா."

"போ. போயி தின்னு."

போனான். எங்கள் வரிசையின் கடைசியில் முழங்கால் போட்டான். இந்தத் தடவை கையை மடக்கவில்லை. ஐயர் கொடுத்தார், வாங்கிக்கொண்டான், தின்றான். ராகேல் என் பக்கத்தில் குனிந்திருந்தாள். பாய் நனைந்திருந்தது.

கர்த்தர் அவனை எப்போது மன்னித்தார் என்று எனக்குத் தெரியாது. மண்ணில் உட்கார்ந்தானே வெள்ளைச் சட்டையோடு, அப்போதே என்று என் மனசு சொல்கிறது. ஆனால் எங்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அந்த மன்னிப்பு ஜெபவீட்டுப் படியேறி வந்தது, ஒரு காலும் ஒரு கட்டையுமாக, நெற்றியில் விபூதியோடு. விழுந்து கிடக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். மேஜைக்குப் போகிற வழி சில சமயம் வாசலைத் தாண்டி வெளியே போய்த் திரும்பி வருகிறது. வெட்கமாகத்தான் இருக்கும். ஏற்றமாகவும் இருக்கும். நடந்துவிடுங்கள்.

முனுசாமி விழுந்தது எந்த லெவலில், துரை என்ன வார்த்தை சொன்னார் – இதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. நந்திதுர்க் சுரங்கத்து ஸ்டோர் பக்கம் போகிறவர்கள் யாராவது முனுசாமியைக் கேட்டு, நான் எழுதினதைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். ஞானமுத்துவிடம் மட்டும் கேட்காதீர்கள் – இப்போதெல்லாம் தன் குற்றத்தைக் கொஞ்சம் கூட்டியே சொல்கிறான்.